சினைக்காலத்து டோக்கன்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானின் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே அறிவிப்புக் கொடுத்துவிடுகிறது. உன் மகளுக்கு இருமல் நின்றதா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை கோப்புகளைப் பார்த்தே வயிறு நிரம்பிவிடுகிறதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை சத்தமாகப் பேசினால் உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்த வியாதி இல்லை. அதனால் முக்கியமான விஷயமெல்லாம் இனிமேல் தாளில்தான்.

நேற்று ஏலக்கூடத்துச் சுவரில் உங்கள் துறையின் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள். கடல் ஓய்வுத் திட்டமாம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் படகைக் கரையில் நிறுத்தினால் படகுக்கு ஓர் ஊக்கத்தொகை, அதில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒன்று. கட்டாயம் இல்லை, விருப்பம் இருந்தால் நிறுத்தலாம். மீன் சினையாக இருக்கும் காலத்தில் பிடிக்காமல் விட்டால் மீன் பெருகும் என்று நமக்கு விளக்கம் வேறு எழுதியிருக்கிறார்கள்.

அதைப் படித்துவிட்டு ஏலக்கூடமே சிரித்தது. கடல் வெறிச்சோடிப்போன அந்த வருஷத்திலிருந்து, இருபத்திரண்டு வருஷமாக, யார் சொல்லி இதைச் செய்கிறோம்? முதல் சினை மீன் எந்தப் படகில் ஏறுகிறதோ, அந்தப் படகுக்காரர் அதன் வயிற்றைக் கீறி ஏலத் தராசில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அன்று மத்தியானத்துக்குள் முப்பத்தொரு படகும் கயிறு கட்டி மேட்டுக்கு ஏறிவிடும். எழுதி வைத்த சட்டம் இல்லை, அபராதம் இல்லை. மீன் வயிறு காலியாகும் வரை ஒருவரும் இறங்குவதில்லை. நீயும் கயிறு இழுத்தவன்தான், உனக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த இரண்டு மாதமும் ஆட்களின் பாடு திண்டாட்டம் என்பதும் உனக்குத் தெரியும். நம் படகின் ஆறு பேரும் கட்டட வேலைக்குப் போய்க் கல் சுமக்கிறார்கள். போன வருஷம் இரண்டு பேர் அப்படியே திரும்பி வரவில்லை. இப்போது நம் இன்ஜின் டிரைவரை, அதுதான் நம் மிஷினை, பெரிய துறைமுகத்தில் கூப்பிடுகிறார்கள். அங்கே சினையாவது ஒன்றாவது, வருஷம் முழுக்கப் பிடிப்பார்கள், வருஷம் முழுக்க வேலை. மே மாதம் அவன் பெண்டாட்டிக்குப் பிரசவம். "அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நிக்கிறேன். இல்லைன்னா போறேன்" என்று வந்து நிற்கிறான்.

அதனால் இரண்டே கேள்வி. என்னென்ன காகிதம் வேண்டும்? ஆட்களைத் தைரியமாக நிறுத்தி வைக்கவா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் எழுது. அரசாங்க பாஷையில் எழுதாதே.

உன் பதில் வரும்வரை உன்னைத் திட்டாமல் காத்திருக்கும்,
அக்கா


ஜனவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். சின்னவளுக்கு இருமல் குறைந்துவிட்டது. அத்தானின் முழங்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், ஒருமுறை கூட்டி வா.

திட்டம் உண்மைதான். எங்கள் பிரிவில்தான் தயாரானது. போன நவம்பரில் நடந்த பெரிய கூட்டத்தில் கடற்கரை ஊர்களைப் பற்றி இயக்குநர் கேட்டார். நம் துறைமுகத்தைப் பற்றி நான் பத்து நிமிஷம் பேசினேன். தராசில் சினை மீன் வைப்பதைச் சொன்னபோது எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். இயக்குநரே நாற்காலியை இழுத்துப் போட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா.

காகிதங்கள் பற்றி உள்ளூர் அலுவலகத்தில் விவரமாகச் சொல்வார்கள். விதிகளில் இன்னும் சில திருத்தங்கள் வரலாம். எப்படியும் நல்லதே நடக்கும், கவலைப்படாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தானிடம் விசாரித்ததாகச் சொல்.

அன்பைத் தவிர வேறொன்றும் அனுப்ப முடியாத,
தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதுவே சுகம்தான். உன் வீட்டிலும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

ஒரு வார்த்தையில் பதில் கேட்டேன். நீ நாற்காலி கதை எழுதியிருந்தாய். "நல்லதே நடக்கும்" என்பதை ஆம் என்று நான் எடுத்துக்கொண்டேன். துறையிலேயே இருக்கிற என் தம்பி வேறு எதற்கு அப்படி எழுதப் போகிறான்? மிஷினைக் கூப்பிட்டு, "நில்லுடா, என் வார்த்தை" என்றேன். அவன் பெரிய துறைமுகத்துக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

நேற்று உள்ளூர் அலுவலகத்துக்குப் போனேன். பேன் சுற்றாத அறை. ஒரு குமாஸ்தா, ஒரு ரப்பர் ஸ்டாம்பு, மேசை நிறைய விண்ணப்பம். அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நீயும் கேள்.

"போன வருஷம் ஏப்ரல், மே மாசத்துல கடலுக்குப் போன டோக்கன் வேணும்மா. குறைஞ்சது இருபது. எடை போட்டு முத்திரை குத்தினதா இருக்கணும்."

"அந்த ரெண்டு மாசம் நாங்க போகலையே."

"ஏன் போகலை?"

"மீன் சினையா இருக்கும். பிடிக்க மாட்டோம்."

"அப்போ நீங்க நிறுத்துறதுக்கு என்ன இருக்கு? ஏற்கெனவே நிறுத்தியாச்சே!"

"அதுக்குத்தானேய்யா கொடுக்கிறீங்க?"

"இல்லம்மா. இனிமே நிறுத்தப் போறவங்களுக்குத்தான். முன்னாடியே நிறுத்தினவங்களுக்கு விதியில இடமில்லை."

எனக்கு முதலில் புரியவே இல்லை தம்பி. புரிந்ததும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றது யார் தெரியுமா? பெரிய துறைமுகத்துத் தொப்பிக்காரர். ஏழு படகு. அதில் இரண்டு தண்ணீரில் இறங்கி வருஷக்கணக்காகிறது. கை நிறைய டோக்கன் வைத்திருந்தார். சினை மீனை அள்ளி அள்ளிப் பிடித்த டோக்கன். குமாஸ்தா எழுந்து நின்று அவருக்கு நாற்காலி போட்டார். நாற்காலி என்றால் உங்கள் துறையில் இப்படித்தான் கிடைக்கும் போலிருக்கிறது.

திருடாமல் இருப்பதற்குத் திருடனுக்குச் சம்பளம், நமக்கு "நீங்கள்தான் திருடவே இல்லையே" என்று ஒரு சிரிப்பு. இதை உட்கார்ந்து யோசித்து, எழுதி, தட்டச்சுச் செய்த புண்ணியவான் யார்? பெயரைச் சொல். பஸ் ஏறி வந்து நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறேன்.

வயிற்றெரிச்சலுடன்,
அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். நலமறிய ஆவல். வேலை அதிகமாக இருந்ததால் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

நீ சொன்ன நிபந்தனை பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்றில் வருகிறது. உண்மையில் மீன்பிடிப்பைக் குறைக்கிறவர்களுக்கு மட்டுமே நிதி போய்ச் சேர வேண்டும் என்பது அதன் நோக்கம். இது மேலிடத்து முடிவு. தனிப்பட்ட யாரையும் குறை சொல்வதற்கில்லை.

முப்பத்தொரு படகுக்காரர்களும் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுத்தால் பரிசீலனைக்கு வாய்ப்பு உண்டு. மாதிரி ஒன்று இத்துடன் இருக்கிறது. பெயர்களை மட்டும் நிரப்பினால் போதும்.

அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்க்கச் சொல்.

தம்பி


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தாயிற்று. உன் மனுவுக்கும் முப்பத்தொரு கையெழுத்து வாங்கியாயிற்று. இரண்டுக்கும் ஒரே பலன்தான்.

மனுவை வாங்கிய குமாஸ்தா அதை எடை பார்ப்பவர்போல் கையில் தூக்கிப் பார்த்து ஒரு பெட்டியில் போட்டார். "மேல அனுப்பிடுறேன்" என்றார். மேலே என்றால் நீதானே? வந்ததா?

நேற்று முதல் சினை மீன் ஏறியது. நம் படகில்தான். உன் அத்தான் அதன் வயிற்றைக் கீறி ஏலத் தராசில் வைத்துவிட்டு, வழக்கம்போல் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வழக்கம்போல் யாரும் பேசவில்லை. ஆனால் யாரும் நகரவும் இல்லை. ஐஸ் உருகி மீனுக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது, எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கடைசியில் மூன்றாவது படகுக்காரர்தான் வாயைத் திறந்தார். "இந்த வருஷம் போய் இருபது டோக்கன் வாங்கினாத்தான் அடுத்த வருஷம் கவர்மென்ட்டு நம்மள மீன்பிடிக்கிறவன்னு ஒத்துக்கும். எத்தனை காலத்துக்கு ஏமாளியா இருக்கிறது?"

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை தம்பி. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பதினொரு படகுதான் மேட்டுக்கு ஏறியது. மற்ற இருபதும் தண்ணீரிலேயே நின்றன. நம் படகு ஏறிவிட்டது. மிஷின்தான் இடப்பக்கக் கயிற்றைப் பிடித்தான். இழுத்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "தம்பிகிட்டேயிருந்து ஏதாவது வந்துச்சா அக்கா?" என்றான். "வரும்டா" என்றேன்.

மனு என்ன ஆயிற்று என்று உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 9

தம்பிக்கு,

பதில் இல்லை. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. உன் மகளுக்கு மறுபடி உடம்பு சரியில்லையோ என்று ஒரு நாள் முழுக்கக் கவலைப்பட்டேன். பிறகு உன் வீட்டுக்காரி எடுத்துப் பேசினாள். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறீர்களாம், நீ கோப்பு பார்க்கிறாயாம்.

தண்ணீரில் நின்ற இருபது படகும் தினமும் போகின்றன. வந்து இறங்கும் கூடை ஒவ்வொன்றிலும் வயிறு புடைத்த மீன். ஏலக்காரர் வாய் ஓயாமல் கத்துகிறார், முகத்தில் சிரிப்பைக் காணோம். தொப்பிக்காரருக்கு முதல் தவணை வந்துவிட்டதாம். ஏழு படகுக்கும்.

ஏறியிருந்த பதினொன்றில் நேற்று இரண்டு இறங்கிவிட்டன. உன் அத்தான் நம் படகின் நிழலில் உட்கார்ந்து கிழியாத வலையைப் பிரித்து மறுபடி முடிகிறார்.

உனக்கு வாய் இருக்கிறதா இல்லையா?

அக்கா


ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். நல்ல செய்தியோடு எழுதலாம் என்றுதான் தள்ளிப் போட்டேன். இப்போது வந்துவிட்டது. இயக்குநரே நேரில் வருகிறார்! அடுத்த வாரம், பதினெட்டாம் தேதி. மனுவை நான்தான் அவர் மேசையில் வைத்தேன். "அந்த ஊரைப் பார்க்கணும்" என்றார்.

ஒரே ஒரு வேண்டுகோள். அதுவரை நம் படகை இறக்கிவிடாதீர்கள். மேட்டில் நிற்கிற படகுகளை அவர் கண்ணால் பார்க்க வேண்டும். அவர் பார்த்துவிட்டால் மனசு மாறும். மிஷினிடமும் இன்னும் ஒரு வாரம் என்று சொல்.

அவரிடம் திட்டத்தைப் பற்றி ரொம்ப விவாதிக்க வேண்டாம். அவர் குறைவாகப் பேசுகிறவர்களை மதிப்பவர். நீ கொஞ்சம் குறைவாகப் பேசினால் நல்லது. அத்தான் பேசட்டும்.

உங்கள் எல்லோருடைய உடல்நலமும் வேண்டும்,
தம்பி


ஏப்ரல் 22

வந்தார் உன் இயக்குநர்.

மூன்று கார். ஒன்றில் அவர், ஒன்றில் படம் எடுப்பவர்கள், ஒன்றில் தண்ணீர் பாட்டில். மேட்டில் நின்ற ஒன்பது படகையும் பார்த்தார், நம் படகின் மேல் கையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். தராசையும் பார்த்தார். "இதுலதான் வைப்பீங்களா? அற்புதம்" என்றார். நான் நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். உன் அத்தான்தான் கேட்டார். அவர் வாழ்நாளில் ஓர் அதிகாரியிடம் பேசிய முதல் வாக்கியமாக இருக்கும்.

"ஐயா, தானா நிறுத்துறவங்களுக்கு ஏன் ஒண்ணுமில்லை?"

இயக்குநர் சிரித்தார். கோபமில்லாத, நல்ல சிரிப்பு. "உங்க மச்சினரைத்தான் கேக்கணும்! போன நவம்பர்ல உங்க ஊரைப் பத்தி அவர் பேசினப்பத்தான் எங்களுக்கே இந்தக் கோணம் தெரிஞ்சது. காசு கொடுக்காமலே நிறுத்துற ஊருக்கு எதுக்குக் கொடுக்கணும்? விதியையும் அவரே அழகா எழுதிக் கொடுத்தார். அரசாங்கத்துக்கு எவ்வளவு மிச்சம் தெரியுமா? ரொம்பப் புத்திசாலிப் பையன்."

ஏலக்கூடத்தில் நாற்பது பேர் நின்றார்கள். எல்லோரும் கேட்டார்கள். மிஷின் கேட்டான். அவன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். என்னைப் பார்த்திருந்தால் தேவலை.

இயக்குநர் என்னிடம் கைகூப்பி, "நீங்க கொடுத்து வெச்சவங்கம்மா" என்றார். நானும் கைகூப்பினேன். நீ என் தம்பியாயிற்றே, என்ன செய்ய? கார் போன பிறகு உன் அத்தான் எழுந்து வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அந்த விதியை நவம்பரில் எழுதினாய். ஜனவரியில், ஆட்களை நிறுத்தி வைக்கவா என்று உன்னைக் கேட்டேன். அப்போதே உனக்குத் தெரியும். பெயரைச் சொல், பஸ் ஏறி வருகிறேன் என்று பிப்ரவரியில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொன்னாய்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தமுறை நான் கேட்கவில்லை.


ஏப்ரல் 26

அக்கா,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நான் நன்றாக இல்லை. நான்தான் எழுதினேன். பிரிவு ஏழு, உட்பிரிவு மூன்று. ஒரு வார்த்தைகூட வேறு யாருடையதும் இல்லை.

ஒன்பது வருஷமாக இந்த அலுவலகத்தில் எனக்கு இருக்கிற பெயர் என்ன தெரியுமா? கருவாடு. நான் உள்ளே வந்தால் ஒருவன் ஜன்னலைத் திறப்பான், மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அந்தக் கூட்டத்தில்தான் முதல்முறையாக நான் பேச எல்லோரும் கேட்டார்கள். நம் ஊரில் யாரும் சொல்லாமலே படகை ஏற்றுவார்கள், ஒரு காசு எதிர்பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன். எதிர்பார்க்க மாட்டார்கள் என்று சொன்னது நான்தான் அக்கா. பெருமைக்காகச் சேர்த்துச் சொன்னேன். கைதட்டினார்கள். இயக்குநர் நாற்காலி போட்டார். உட்கார்ந்ததும், "அப்போ இந்த மாதிரி ஊருக்குக் கொடுக்க வேண்டாமே, அதுக்கு ஒரு விதி எழுதுங்க" என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எப்படி முடியாது என்று சொல்வது? எழுதிக் கொடுத்தேன்.

உன் முதல் கடிதம் வந்தபோது அச்சான விதி என் மேசையில் இருந்தது. எப்படியாவது மாற்றிவிடலாம், நீ தெரிந்துகொள்வதற்குள் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இல்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன், நல்லதே நடக்கும் என்று எழுதினேன்.

இப்போது என் பெயரில் ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன், இந்த விதி தவறு என்று. நேற்று திரும்பி வந்தது. "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறது.

ஒரே வழிதான் தெரிகிறது. எழுதவே கை கூசுகிறது. மே முடிய இன்னும் நாள் இருக்கிறது. இருபது நாள் போய் வாருங்கள். ஒருமுறை இருபது டோக்கன் காட்டிப் பதிந்துவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு வருஷமும் படகுக்கும் ஆறு பேருக்கும் உண்டு. மிஷினும் நிற்பான். வலையை இறக்காமல் சும்மா போய் வந்தால் போதுமா என்று விதியைப் பார்த்தேன். போதாது. எடை இல்லாத டோக்கன் செல்லாது. அந்த வரியும் நான் எழுதியதுதான்.

மன்னிப்புக் கேட்கும் தகுதி இல்லாத,
தம்பி


மே 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படகை இறக்கச் சொன்னேன். நான்தான். உன் அத்தான், "நீ சொல்றியா?" என்று ஒருமுறை கேட்டார். "நான்தான் சொல்றேன். ஆறு பேருக்கு வார்த்தை கொடுத்தவ நான்" என்றேன். அவர் கயிற்றை அவிழ்த்தார். அதனால் உன்னைத் திட்டுவதற்கு இப்போது எனக்குப் பாதி உரிமைதான் இருக்கிறது. அந்தப் பாதியை முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

விடியும்போது போனவர்கள் மத்தியானமே வந்துவிட்டார்கள். அவ்வளவு மீன். இந்தக் காலத்தில் அது கூட்டமாக, மெதுவாக, வயிற்றைத் தூக்கிக்கொண்டு போகும். தப்பித்து ஓடத் தெம்பு இருக்காது. பிடிப்பதற்கு ஒரு சாமர்த்தியமும் வேண்டாம். படகுத் தளமெல்லாம் மஞ்சளாகச் சினை பிதுங்கிக் கிடந்தது. மிஷின் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இறங்கினான். மற்ற படகுகளைப் பார்த்து நாமும் கடலுக்குப் போகலாம் போகலாம் என்று என் உயிரை வாங்கியவன் அவன்தான். இறங்கினவன் குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

நானூற்றுப் பன்னிரண்டு கிலோ. குமாஸ்தா டோக்கனில் எடையை எழுதி, முத்திரை குத்தி, சிரித்த முகத்தோடு நீட்டினார். "வாங்கக்கா, இப்பத்தான் நீங்க கணக்குலேயே வந்திருக்கீங்க" என்றார். பாவம், அவர் வாழ்த்தாகத்தான் சொன்னார். எனக்கு அந்த முத்திரையாலேயே அவர் நெற்றியில் ஒன்று குத்தலாம் போலிருந்தது.

கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வயிற்றைக் கீறித் தராசில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை, கை வைத்தது. உன் அத்தான் என் பக்கத்தில் வந்து நின்று, "இது போதும்" என்றார். நானும், "போதும்" என்றேன். மற்ற படகுகள் மறுநாளும் போயின, இன்றும் போயின. தராசைப் பார்த்து எல்லோரும் மனம் திருந்தினார்கள் என்று உன் கோப்பில் எழுதிவிடாதே, அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

ஒரு டோக்கன். இன்னும் பத்தொன்பது வேண்டும், அது எனக்கு வேண்டாம். மிஷினிடம் நேராகச் சொன்னேன். "அக்கா, உங்க மேல வருத்தமில்லை. பிள்ளை பிறந்திருக்கு, பெண் பிள்ளை. நான் போய்த்தான் ஆகணும்" என்றான். அன்று சாயங்காலமே பெரிய துறைமுகத்துக்குப் போய்விட்டான். அங்கே ஜூன் மாதத்திலிருந்து தொப்பிக்காரரின் படகில் வேலை, அதுவரை உட்கார்ந்த இடத்தில் ஊக்கத்தொகை. ஓய்வெடுக்கிற படகில் ஆள் கணக்கு ஒன்று குறைந்ததாம். நம் கடலில் ஓய்வெடுத்தவனுக்குக் கிடைக்காதது அங்கே பெயர் எழுதியதும் கிடைத்தது. அவனுடைய பிள்ளைக்குப் பால் வாங்க அது உதவும் என்பதால் அதைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்தோடு அந்த டோக்கனை வைத்திருக்கிறேன். தேதி, எடை, முத்திரை எல்லாம் இருக்கிறது, விதிப்படி செல்லும். உன் குறிப்போடு சேர்த்து இயக்குநரின் மேசையில் வை. "இந்த ஊர்க்காரர்கள் காசு எதிர்பார்க்க மாட்டார்கள் என்று சொன்னேன், தப்பு. அவர்களுக்கும் வயிறு இருக்கிறது" என்று எழுது. பென்சிலில் பதில் வந்தால் மறுபடி எழுது. உன்னைக் கருவாடு என்று கூப்பிடுகிறவன் எவனோ, அவன் ஜன்னலைத் திறக்கும்போது சிரிக்காதே. அதற்கும் சேர்த்துத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்று. படகை மறுபடி ஏற்றப் பார்த்தோம். முன்பு ஊரே சேர்ந்து இழுத்த கயிறு. இப்போது நானும் உன் அத்தானும் ஆட்களில் மூன்று பேரும்தான், மற்ற இரண்டு பேர் கல் சுமக்கப் போய்விட்டார்கள். அவருடைய முழங்கால் பாதியில் மடங்கிவிட்டது. கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். நான்கு நாளாகப் படகு தண்ணீரிலும் இல்லாமல் மேட்டிலும் இல்லாமல் சரிவில் நிற்கிறது, பெரிய அலை அடித்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இடப்பக்கக் கயிறு சும்மா கிடக்கிறது.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வா. நம்மைப் பற்றி அங்கே பத்து நிமிஷம் பேசினாய். ஒரு கை கூடினால் படகை ஏற்ற அவ்வளவு நேரம்கூட ஆகாது.

அக்கா